சின்னத் தழும்பு

தாசோஸ் அவளைத் திட்டவில்லை. அதிலிருந்துதான் அசிமினாவுக்குச் சந்தேகம் வந்தது.

மருந்துக்கடை முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது. கலமாத்தாவில் டாக்ஸி ஓட்டும் எல்லோருக்கும் அது தெரியும். அசிமினா அங்கேதான் நிறுத்துவாள். போக்குவரத்துப் போலீஸ்காரன் தாசோஸ் விசில் ஊதிக்கொண்டே ஓடிவருவான். "இது என்ன உங்கப்பன் வீட்டு முற்றமா?" என்பான். "உங்கப்பன் வீட்டு முற்றமா இருந்தா இவ்வளவு சுத்தமா இருக்காதே" என்பாள் இவள். பல வருஷமாக நடக்கிற சண்டை. அது நடக்காவிட்டால் இரண்டு பேருக்குமே பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

அன்று அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பரவாயில்ல அசிமினா. மெதுவா வேலைய முடிச்சிட்டு வா."

"என்னடா ஆச்சு உனக்கு?"

"எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கடல் பக்கம் பார்த்தபடி நின்றான். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

அசிமினா மருந்துக்கடைக்குள் போகவில்லை. வண்டியில் திரும்ப உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். இடது பக்கம் அது மறுபடியும் இறுக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். காற்சட்டைப் பொத்தான் சேரவில்லை. மார்ச் மாதம் இதே கதைதான். மாதவிடாய் நிற்கிற வயதில் தொப்பை விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஸ்கேனில் கட்டி தெரிந்தது. வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லி எடுத்தார்கள். இப்போது குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். வியாழக்கிழமை வயிற்றைத் திறந்து பிரித்துவிடப் போகிறார்களாம்.

ரொட்டிக்கடைக்காரி ஒரு வாரமாக அவள் பையில் சூடான பன் ஒன்றைக் கூடுதலாகத் திணித்தாள். டாக்ஸி நிறுத்தத்தில் ஆண்கள் ஆபாச ஜோக் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவள் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஜோக்கின் முடிவை அவளிடம்தான் கேட்பார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மரியாதை கூடியிருக்கிறது என்று நினைத்தாள். முட்டாள் மாதிரி மகிழ்ந்தாள்கூட.

தாசோஸ் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

தம்பி ஸ்டாதிஸ் ஒலிவத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிறான். கடைக்குள் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"டேய், எனக்கு என்ன?"

"என்ன, என்ன?"

"ஊருக்கே தெரியுது. தாசோஸ் எனக்குத் தொப்பிய எடுக்கிறான். நான் என்ன சவப்பெட்டியா? சொல்லு."

"யாரு என்ன சொன்னாங்க? நம்ம டாக்டர் கும்பாரோஸ்தான் சொன்னாரே, ஒட்டிக்கிட்டிருக்கிற குடல..."

"உன் பொண்ணு தலை மேல கை வெச்சுச் சொல்லு."

ஸ்டாதிஸ் குழாய்ச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான். காப்பி தரையில் கொட்டியது. அழ ஆரம்பித்தான். ஏழு வயதில் மூக்கு ஒழுக அழுத அதே அழுகை. அன்றைக்கு அவன் மூக்கைத் துடைத்தவள் அசிமினாதான். இப்போது துடைக்கவில்லை.

"அது கெட்ட நோய். மார்ச்சுலயே தெரியும். லேப்ல சொல்லிட்டாங்க. கும்பாரோஸ்தான் சொன்னாரு, அவகிட்ட சொல்லாத, சொன்னா அந்த நிமிஷமே உடைஞ்சுபோயிடுவான்னு. இப்ப திரும்ப வளந்திருக்கு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"நான் சாமியார்கிட்ட மட்டும்தான் சொன்னேன். ஜபம் பண்ணச் சொல்லி."

"உன் பொண்டாட்டி?"

"அவ முடி வெட்டறவகிட்ட மட்டும்."

அசிமினா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"அப்போ தினம் என்னோட டாக்ஸியில போற ஒவ்வொருத்தனும் என் வயித்தப் பாத்துக்கிட்டுத்தான் வந்திருக்கான். எனக்கு மட்டும் தெரியாது. என்னோட வயிறு!"

"உன் நல்லதுக்குத்தான்..."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னே, இந்தக் குழாயாலயே அடிப்பேன்."

டாக்டர் மெனேலாஸ் அந்தக் குடும்பத்துக்குக் கும்பாரோஸ். ஸ்டாதிஸின் கல்யாணத்தில் மணமுடி மாற்றிவைத்தவர். அவன் மகள் ஃபொதினிக்கு ஞானஸ்நானத்தில் எண்ணெய் பூசி நீரிலிருந்து ஏந்தியவர். இரத்த உறவைக்கூட ஒரு சண்டையில் முறித்துக்கொள்ளலாம். இந்த உறவை முறிக்க முடியாது. அதனால் வயிற்றில் கட்டி என்று தெரிந்த நாளில் வேறு டாக்டரைப் பார்ப்பது பற்றி யாரும் பேசவே இல்லை. கும்பாரோஸே கத்தி பிடிப்பவராக இருக்கும்போது இன்னொருவனிடம் வயிற்றைக் காட்டுவது அவர் முகத்தில் துப்புவதுபோல. அசிமினாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. தானே நடந்துபோய் அவருடைய ஆபரேஷன் மேசையில் படுத்தாள்.

வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஏதென்ஸில் இருக்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், கன்னி மாதா திருநாள் முடியட்டும், பதினைந்தாம் தேதிக்குப் பிறகு கூப்பிடுங்கள் என்றாள். பாதி டாக்டர்கள் தீவுகளுக்குப் போய்விட்டார்களாம்.

"என் கட்டி தீவுக்குப் போகலயே, அம்மா. அது இங்கதான் இருக்கு. வளந்துக்கிட்டிருக்கு" என்றாள் அசிமினா.

அந்தப் பெண், இருங்கள் என்றாள். பிறகு இணைப்பை யாருக்கோ மாற்றினாள். கரகரப்பான பெண் குரல் ஒன்று வந்தது. பெயர் தெயானோ, அறுவைச் சிகிச்சை டாக்டர், இந்த மாதிரிக் கட்டிகளை மட்டும் பார்ப்பவள்.

"எங்க இருந்துச்சு? குடலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியாது."

"எடுக்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்தாங்களா?"

"இல்ல."

"ஒரே துண்டா வெளிய வந்துச்சா?"

"தெரியாது, டாக்டர். எனக்கு எதுவுமே தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் எனக்கு நோய் இருக்குன்னே தெரியும்."

தெயானோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அசிமினாவுக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

"கவனமாக் கேளுங்க. வியாழக்கிழமை யாரும் உங்க மேல கத்தி வைக்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி. எப்படி எடுத்தாருன்னு போய்க் கேளுங்க. லேப்ல உங்க சதைய மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்க, சின்னச் சின்னக் கட்டையா. அத வாங்கிட்டு வாங்க. அது உங்களோடது. கொடுக்க மாட்டேன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல."

மெனேலாஸின் கிளினிக் ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கிற தெருவில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் அவருடைய லேப். மேலே காத்திருப்பு அறை, அதை ஒட்டி அவர் அறை. அவர் எழுந்துவந்து அவளை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"வா, என் பொண்ணே. வியாழக்கிழமைக்குப் பயமா இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கும்பாரே."

அவர் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ஸ்டாதிஸ் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டான். இதோ பாரு, எங்கம்மாவுக்கு வந்தப்பகூட நான் சொல்லல. சாகற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தா."

"உங்களுக்காகச் சிரிச்சிருப்பாங்க. என் கட்டிய எப்படி எடுத்தீங்க?"

"எப்படின்னா?"

"முழுசாவா, துண்டாவா?"

அவர் முகம் மலர்ந்தது. வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எப்போதும் மலரும்.

"அது ரொம்பப் பெருசு, அசிமினா. இடது சிறுநீரகத்துக்கு மேல ஒரு தலையணை மாதிரி கிடந்துச்சு. வேற ஒருத்தன்னா உன்ன மேலேயிருந்து கீழ வரைக்கும் கிழிச்சிருப்பான். நான் சின்னதா ஒரு கீறல்தான் போட்டேன். கைய விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத் தோண்டி எடுத்தேன். நீ கடல்ல குளிக்கிறவ. தழும்பு யார் கண்ணுக்கும் படக் கூடாதுன்னு பாத்தேன். பட்டுதா?"

படவில்லை. ஜூன் மாதம் முழுவதும் அவள் கடலில் நீந்தினாள். மெனேலாஸின் கை பொன்னான கை என்று கரையில் எல்லோரிடமும் சொன்னாள்.

"மெழுகுக் கட்டைங்க வேணும் எனக்கு. ஏதென்ஸுக்குக் கொண்டுபோறேன்."

மெனேலாஸ் நாற்காலியில் சாய்ந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஏதென்ஸ்ல யாரு? என்னவிட உன்ன நல்லாத் தெரிஞ்சவங்களா? உன் தம்பி பொண்ண இந்தக் கையாலதான் தண்ணியிலேர்ந்து தூக்கினேன். என் வேலைய இன்னொருத்தன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறதுக்கு நானே எடுத்துக் கொடுக்கணுமா? அது கிளினிக்கோட சொத்து, அசிமினா. இங்கதான் இருக்கும். வியாழக்கிழமை வா. நான் பாத்துக்கறேன்."

அப்போது ஸ்டாதிஸ் மூச்சுவாங்க உள்ளே வந்தான். அக்கா எங்கே போவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"கும்பாரே, மன்னிச்சிடுங்க, அவளுக்கு அதிர்ச்சி. அசிமினா, வா போலாம். அவமானப்படுத்தாத."

"யார?" என்றாள் அவள்.

ஸ்டாதிஸின் கண் மெனேலாஸின் மேல் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றான். கட்டி இருப்பது அவர் வயிற்றில் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

அசிமினா கதவைத் திறந்தாள். காத்திருப்பு அறையில் நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள். பாதிப்பேரை அவளே இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள்.

"எனக்குப் புற்று" என்று சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். அவள் குரல் எப்போதும் பெரியது. "புற்றுநோய். வயித்துக்குள்ள. மார்ச்சுலேர்ந்து."

ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு கிழவி, தீமை அண்டாமல் இருக்க, தன் மார்புக்குள் ஃப்து, ஃப்து என்று துப்பிக்கொண்டாள்.

"அந்தப் பேரச் சொல்லாதம்மா. கெட்ட நோய்னு சொல்லு" என்றார் கைத்தடி வைத்திருந்தவர்.

"ஏன் சொல்லக் கூடாது? சொன்னா கோவிச்சுக்கிட்டு இன்னும் பெருசா வளருமா? சொல்லாமத்தான் இவ்வளவு வளந்திருக்கு. உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. இந்த டாக்டர் என் கட்டியத் துண்டு துண்டாத் தோண்டி எடுத்தாரு. மிச்சத்த வியாழக்கிழமை தோண்டப் போறாரு. என் சதை கீழ லேப்ல இருக்கு. கேட்டா கிளினிக்கோட சொத்தாம்." அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நீங்க எல்லாம் எதுக்கு வந்திருக்கீங்க? உங்களுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? இல்ல, உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு மட்டும் தெரியுமா?"

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெலிந்தவள், தலையில் நீலத் துணி கட்டியிருந்தாள். பக்கத்தில் இருந்த கணவன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"ஏங்க, எனக்கு அல்சர்தானே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என்னப் பாருங்க. அல்சர்தானே?"

அவன் நிமிரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு இதைச் செய்ய அசிமினா வரவில்லை. ஆனால் வருத்தப்படவும் இல்லை.

மெனேலாஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "கீழே போய் அவளோடத எடுத்துக் கொடு" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னார். "எல்லாத்தையும் கொடு." பிறகு ஸ்டாதிஸைப் பார்த்தார். "இனி என் வாசல் மிதிக்காத" என்றார்.

மெழுகுக் கட்டைகள் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் கூட்டில் இருந்தது. மஞ்சளாக, நடுவில் வெளுத்த சதை. அசிமினா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இதற்காகத்தான் ஊரே அவளிடம் அன்பாக நடந்துகொண்டது.

அவளுடைய வண்டியில் ஏ.சி. வேலை செய்யாது. ஆகஸ்ட் வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து, மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோகிற ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஸ்டாதிஸ் அதை மடியில் வைத்துக்கொண்டான். ஏதென்ஸ் வரைக்கும் அவள் ரேடியோவைத்தான் திட்டினாள், லாரிக்காரர்களைத்தான் திட்டினாள். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுரங்கப்பாதை தாண்டியதும் அவன் சொன்னான்: "ஃபொதினி அழறா. ஞானத்தந்தை இனிமே பிறந்தநாளுக்கு வர மாட்டாரான்னு கேக்கறா."

அசிமினா வேகத்தைக் கூட்டினாள்.

தெயானோ குள்ளமானவள். பெட்டியைத் திறந்து முகர்ந்தாள். "மத்தி மீனா?" என்று கேட்டுவிட்டு, கட்டைகளை லேபுக்கு அனுப்பினாள். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகு வழியாக ஊசி விட்டுப் புதிய கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். வெட்டுகிறவர்கள், கதிர்வீச்சு கொடுக்கிறவர்கள், மருந்து கொடுக்கிறவர்கள், சதையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுவார்கள், பேசி முடித்ததும் கூப்பிடுகிறேன் என்றாள். இப்படி ஒரு மேசை மார்ச்சிலேயே இருந்தது என்பதை நினைத்தபோது அசிமினா பல்லைக் கடித்துக்கொண்டாள். தொலைவு ஒரு டாக்ஸி சவாரிதான். அவளே எத்தனை பேரை ஏதென்ஸுக்கு ஓட்டிவந்திருக்கிறாள்.

கூப்பிட்டபோது திருநாள் முடிந்திருந்தது. ஸ்டாதிஸும் கூடவே வந்தான்.

"தம்பியையும் உள்ள கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள் தெயானோ.

"வேண்டாம். முதல்ல எனக்கு."

கதவைச் சாத்தினார்கள். தெயானோ திரையில் பென்சிலை வைத்துக் காட்டினாள்.

"இது கொழுப்புலேர்ந்து வர்ற சார்கோமாங்கிற புற்று. ரொம்ப அபூர்வம். பாக்கறதுக்குச் சாதாரணக் கொழுப்பு மாதிரியே இருக்கும், அதான் ஏமாத்தும். ஒரு மரபணுவச் சோதிச்சுப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். பாத்துட்டோம். இதப் பழம் உரிக்கிற மாதிரி உரிச்சு எடுக்கக் கூடாது. தொட்டுக்கிட்டிருக்கிற சிறுநீரகம், குடல் எல்லாத்தையும் சேர்த்து ஒரே மொத்தையா எடுக்கணும். உடைச்சா உள்ள சிந்திடும்."

"சிந்திடுச்சா?"

"இங்க பெருசு ஒண்ணு. மண்ணீரல் பக்கத்துல சின்னது. இன்னொண்ணு பழைய தழும்புக்குக் கீழயே."

"அவராலயா?"

தெயானோ பென்சிலைக் கீழே வைத்தாள்.

"முதல்லயே ஊசி போட்டிருந்தா என்னன்னு தெரிஞ்சிருக்கும். முழுசா எடுத்திருந்தா இப்படி ஆகறதுக்கு வாய்ப்புக் கம்மி. அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில சமயம் எல்லாம் ஒழுங்காப் பண்ணினாலும் திரும்ப வரும்."

"இப்ப எடுக்க முடியுமா?"

"கண்ணுக்குத் தெரியறத எல்லாம் எடுக்க முடியும்னு நம்பறேன். இடது சிறுநீரகம் போகும், குடல்ல ஒரு பகுதி போகும், மண்ணீரல் போகும். பெரிய ஆபரேஷன். மேஜையிலயே ஆபத்து வரலாம். பிழைச்சு வந்தாலும் திரும்ப வராதுன்னு சொல்ல முடியாது. வரும்னு நெனச்சுக்கிட்டுத்தான் நாங்க தொடர்ந்து பாப்போம்."

"எடுக்கலன்னா?"

"அது நிக்காது."

அசிமினா திரையைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் அவளுடைய உள்பக்கம். ஒருவரும் இதுவரை அவளுக்குக் காட்டவில்லை.

"எடுங்க. முதல்ல கிடைக்கிற தேதியில."

"வீட்டுல பேசிட்டு..."

"பேசியாச்சு. இப்பத்தான், உங்களோட."

தெயானோ தலையசைத்து, தேதியைச் சொன்னாள்.

தாழ்வாரத்தில் ஸ்டாதிஸ் சுவரோடு ஒட்டி நின்றான். கையில் இரண்டு காப்பி. ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் அப்படியே ஏழு வயதுக்குப் போயிற்று.

"என்ன சொன்னாங்க? சரியாயிடும்தானே?"

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒண்ணுமில்லடா, சின்ன ஆபரேஷன், எடுத்துட்டா போச்சு. எவ்வளவு சுலபமாக வந்தது! சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்துவிடும். வழியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பாட்டு கேட்டுக்கொண்டே ஊருக்குப் போகலாம். மார்ச்சில் மெனேலாஸின் அறையில் அவருக்கும் தம்பிக்கும் இப்படித்தான் வந்திருக்கும். புரிந்தது. புரிந்ததில் கோபம் குறையவில்லை. தன் வாயிலும் அதே பொய் இனித்ததை நினைத்து இன்னும் ஏறியது.

"உக்காரு" என்றாள்.

"சும்மா சொல்லேன், நின்னுக்கிட்டே..."

"உக்காருடா."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். சிறுநீரகம், குடல், மண்ணீரல். மேஜையிலேயே நடக்கக்கூடியது. திரும்ப வரக்கூடியது. மூன்று இடத்தில் சிந்தியிருப்பது, அது எப்படிச் சிந்தியிருக்கலாம் என்பது. உன் கும்பாரோஸ், என்றாள். நம்ம கும்பாரோஸ். நானும்தான் போய்ப் படுத்தேன்.

ஸ்டாதிஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். காப்பி டம்ளர்கள் தரையில் உருண்டன. நடந்துபோன நர்ஸ் நின்று பார்த்தாள்.

அசிமினா அவன் கைகளைப் பிடித்து இழுத்துக் காதிலிருந்து எடுத்தாள். மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னாள்.